மீனாக்கா தமிழில் எண்ணுவார்

பதினேழு ஒலிநாடா ரீல்களையும் தெரேசா துணிக்கூடையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். நீல நிற பிளாஸ்டிக் கூடை. மழை படாமல் இருக்க மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் அன்றைக்கும் படுத்துவிட்டது. நான்கு மாடி ஏறிய மூச்சோடு கூடையைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, முதல் வேலையாகத் துண்டை விலக்கி ரீல்கள் நனையவில்லையே என்று பார்த்தாள்.

எனக்கு அந்த அட்டைப் பெட்டிகளைக் கண்டதுமே களைப்பாக இருந்தது. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் என் கையெழுத்து. இளமையில் இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஒன்றைத் திறந்தேன். பூஞ்சணம் பிடித்த வாசம் வந்தது. பினாங்கின் ஈரக்காற்று யாரையும் விட்டுவைப்பதில்லை. என் முட்டிகளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்.

தெரேசா, பிலோமினா அக்காவின் ஒரே மகள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்திருந்தாள்.

பிலோமினா அக்காவை நாங்கள் மீனாக்கா என்போம். இந்தத் தொடரில் இரண்டு மூன்று இடத்தில் அவரைத் தொட்டுவிட்டு நழுவியிருக்கிறேன். கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு வாசகி அதைக் கவனித்துவிட்டு எழுதியிருந்தார். பியானோ வாசிக்கும் அந்த அம்மாவைப் பற்றி ஏன் முழுதாகச் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். காரணம் இருக்கிறது. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கோரிக்கை

ஐரோப்பாவில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் அக்காவின் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறதாம். அங்கே யாரோ ஒருவர் பழைய தட்டு விற்கும் கடையில் அக்காவின் தட்டொன்றைத் தோண்டி எடுத்துக் கேட்டிருக்கிறார். இந்தப் பெண்மணி யார், இத்தனை காலம் எங்கே போனார் என்று விசாரித்திருக்கிறார். அக்கா எங்கும் போகவில்லை. புலாவ் தீக்குஸில், மாதா கோயிலுக்குப் பின்னால், அதே வீட்டில்தான் இருக்கிறார்.

மூல நாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தர வேண்டும். அது தெரேசாவின் முதல் கோரிக்கை. பினாங்கில் ரீல் ஓட்டும் மிஷினை இன்னும் ஓடுகிற நிலையில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். வீட்டில் அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பற்றி என் வீட்டுக்காரி ஜைனப் தினமும் ஒரு தடவை சொல்லுவாள்.

இரண்டாவது கோரிக்கையை அவள் தேநீர் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் கேட்டாள்.

"அங்கிள், இதுல எங்கயாச்சும் அம்மா பேசறது இருக்குமா? ஒரு வார்த்த போதும்."

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. நாம் பேசுவது எல்லாம் புரிகிறது, பதில்தான் வருவதில்லை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், ஒன்று இரண்டு மூன்று சொல்லச் சொல்லி ஆங்கிலத்திலும் மலாயிலும் பல மாதம் முயன்று பார்த்தாராம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாராம்.

பக்கவாதம் வருமுன் தெரேசா சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். அம்மாவும் மகளும் தினமும் போனில் பேசுவார்கள், வீட்டு வழக்கப்படி ஆங்கிலத்தில். அதில் ஒரு நாளைக்கூடப் பதிவு செய்து வைக்கத் தோன்றவில்லை என்றாள். வீடியோவும் கிடையாது. கேமராவைக் கண்டால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவார்.

"என் பிள்ளைங்க அவங்க கொரல கேட்டதே இல்ல அங்கிள். எனக்கே இப்ப மறக்குது."

பார்க்கலாம்மா என்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினேழு ரீலிலும் மீனாக்காவின் குரல் ஒரு நொடி கூட இருக்காது. இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.

விளக்கு எரியும் பியானோ

அக்காவின் வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது ஒலிப்பதிவுக்கு நாள் குறிக்க. பியானோவின் அடிப்பலகை இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று பதறிப்போனேன். அக்கா சிரித்தார். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன பல்பை இரவு பகலாக எரிய விடுவார்களாம். இந்த ஊரில் பியானோ வைத்திருந்தவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். நாசி கண்டார் கடைக்காரர் மகனான எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். சூலியா தெருவில் அத்தாவின் கடையில் சோற்றுக்குக் குழம்பு ஊற்ற வேண்டிய கை என்னுடையது. கடை வானொலியைப் பிரித்துப் பிரித்து மாட்டியதில் கை வேறு பக்கம் போய்விட்டது. பர்மா ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தேன். தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி சீனர், நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். சோப்பு விளம்பரம், கல்யாண அறிவிப்பு, தலைவர்களின் உரை என்று எது வந்தாலும் பதிவு செய்தோம். என் அத்தா சாகும்வரை யார் கேட்டாலும் என் மகன் ரேடியோ ரிப்பேர் செய்கிறான் என்றுதான் சொன்னார்.

மீனாக்காவின் அப்பா துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. கான்வென்டில் சிஸ்டர்கள் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள். வருடா வருடம் இங்கிலாந்திலிருந்து வரும் பரீட்சைக்காரர் ஒருவர் இந்தக் கருத்த பெண்ணின் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். லண்டனுக்குப் போனார். அங்கே படித்து, பல ஊர்களில் வாசித்து, பத்திரிகையில் படம் வந்து, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பா இறந்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கென்று வந்தவர், பிறகு போகவே இல்லை. இங்கேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். அவரும் சீக்கிரமே போய்விட்டார்.

நம் ஆட்களுக்கு அவரை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கல்யாண வீட்டில் கூப்பிட்டு உட்கார வைத்து சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லுவார்கள். வாசிப்பார். கோபமே வராது. வெள்ளைக்காரர்கள் எழுதியதை அவர் வாசிக்கிற கச்சேரிக்கோ சீனர்களும் வெள்ளைக்காரர்களும்தான் வருவார்கள். மண்டபத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுவதால் எல்லோரும் நிகழ்ச்சி நிரல் தாளால் விசிறிக்கொண்டிருப்பார்கள். தமிழ் முகம் என்று பார்த்தால் அவருடைய கணவர், மகள், மைக்குக்குப் பக்கத்தில் நான்.

அசாம்போய்

பதிவுகளை எல்லாம் கான்வென்ட் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் செய்தோம். நல்ல பியானோ அங்கேதான் இருந்தது. பக்கத்துத் தையல் வகுப்பறையில் கால்மிஷின்களுக்கு நடுவே என் பெட்டிகளை வைத்துக்கொள்வேன். மண்டபத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கும். நான் இங்கே பேசினால் அக்காவுக்கு அங்கே கேட்கும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நிறுத்துவோம், மாதா கோயில் மணிக்கு நிறுத்துவோம், தகரக்கூரையில் மழை விழுந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அக்கா இடது கையைப் பியானோவுக்கு மேலே தூக்கி நிறுத்திக்கொண்டு, கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். நாடா சீரான வேகத்துக்கு வந்ததும் நான் "ஓடுதுக்கா" என்பேன். அதைக் கேட்டால்தான் கை இறங்கும். நான் சொல்ல மறந்தால் கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். ஒரு முறை இருமல் வந்து நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கை நின்ற இடத்திலேயே நின்றது.

முதல் நாள் பதிவைப் போட்டுக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பியானோவுக்கு அடியில் ஒரு குரல். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு. வேகமான இடத்தில் முணுமுணுப்பு. மெதுவான இடம் வந்தால் நன்றாகவே கேட்டது, தமிழில். சிஸ்டர்கள் ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தமிழில்தான் எண்ணுவாராம். மேடையில் கூட அக்கா எண்ணிக்கொண்டுதான் வாசித்தார். மண்டபத்தில் யாருக்கும் கேட்காது. என் மைக்குக்குக் கேட்டது.

தொடக்கத்தில் எண்ணுவதை வெட்டிவிடலாம். வாசிப்புக்கு நடுவே வருவதை என்ன செய்வது? குரலையும் பியானோவையும் பிரித்தெடுக்க அப்போது வழியில்லை. மைக்கைத் தள்ளி வைத்தேன். வாயைத் துணியால் கட்டலாமா என்று கூடக் கேட்டேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.

கடைசியில் அசாம்போய் கிடைத்தது. உப்பும் புளிப்புமாகக் காயவைத்த அந்தப் பழத்தைச் சீனர் கடையில் ஜாடி ஜாடியாக வைத்திருப்பார்கள். அதை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறி ஊறி வாயைத் திறக்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிப் போனேன். அக்கா மறுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கை தூக்குமுன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் நாக்கெல்லாம் புண்ணாகிவிடும்.

இன்றைக்கு ஐரோப்பாவில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கொண்டாடும் அந்தப் பதிவுகள் எல்லாம் வாயில் அசாம்போயை அடக்கிக்கொண்டு வாசித்தவை.

நான் வெட்டியது

ஒட்டு வேலையில் எனக்குப் பெயர் இருந்தது. நாடாவை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, சத்தம் தொடங்கும் இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. ஒட்டிய இடத்தை விரலால் தடவினால்கூடத் தெரியாது. காதர் வெட்டினால் சுத்தம் என்று தவுக்கே கோலாலம்பூர் வரை சொல்லிவைத்திருந்தார். அக்கா எண்ணியது, பாட்டுக்கு நடுவே என்னோடு பேசியது, நாற்காலியை இழுத்தபோது ஐயோ என்றது எல்லாவற்றையும் வெட்டினேன். வெட்டிய துண்டுகள் கழுத்தில் மாலையாகத் தொங்கும். வேலை முடிந்ததும் சுருட்டி ஓரமாகப் போட்டுவிடுவேன்.

அந்தப் பதிவுகளில் ஒன்று தட்டாகி வெளிநாடு போனபோது ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. விரல்கள் குற்றமற்றவை, ஆனால் அறைக்குள் ஆளே இல்லாதது போலிருக்கிறது என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார்கள். அக்கா அதைப் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அந்த நாலு வரிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது, இத்தனை வருடம் நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அது வெறும் சத்தம் என்பதற்காக மட்டும் நான் வெட்டவில்லை. இருமலாக இருந்தால் ஒன்றிரண்டை விட்டிருப்பேன். பெரிய பெரிய ஆட்களின் தட்டுகளில் மூச்சுச் சத்தமும் முனகலும் கேட்டிருக்கிறேன், அவை உறுத்தவில்லை. அக்காவினுடையது தமிழாக இருந்தது. வெள்ளைக்காரன் சங்கீதத்துக்கு அடியில் ஒண்ணு ரெண்டு மூணு என்று கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு அந்த வெட்கம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

நெத்திலி வாசம்

பழைய நாடாவுக்கு ஒரு வியாதி உண்டு. அதன் மேல் பூசிய பழுப்புப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை, வருடக்கணக்கில் ஈரத்தைக் குடித்து இளகிவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து மிஷினில் அப்பிக்கொள்ளும். இசையும் அதோடு போய்விடும். இளஞ்சூட்டில் பல மணி நேரம் காய வைத்தால் கொஞ்ச நாளைக்குத் தேறும். அதற்குள் ஓட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்.

ஜைனப் நெத்திலி காய வைக்க வாங்கிய மின்சார உலர்த்தி ஒன்று வீட்டில் இருந்தது. எலுமிச்சை போட்டு மூன்று முறை கழுவினேன். வாசம் போகவில்லை. ஐரோப்பாவுக்குப் போகிற ரீல்களில் லேசாக நெத்திலி மணந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஒரு ரீல் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் முதுகு ஒத்துழைக்கவில்லை.

எட்டு ரீல் முடிந்தது. எல்லாம் சுத்தமாக இருந்தன. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேனே என்று எனக்கே எரிச்சலாக வந்தது. தெரேசா இரண்டு முறை போன் செய்தாள். அம்மா பேசுவது கிடைத்ததா என்று கேட்கவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாவது ரீலை மாட்டி ஓட விட்டு ஹெட்போனைப் போட்டேன். பியானோ தொடங்குவதற்கு முன்னால் ஏதோ கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருப்பது மாதிரி. மிஷினில் கோளாறு என்று நினைத்து நிறுத்தி, பின்னால் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

ரீலின் தலைமுனையில் பத்தடிக்கு வெற்று பிளாஸ்டிக் நாடா ஒட்டுவது வழக்கம். மிஷினில் கோக்கும்போது கைபடுகிற இடம் அது. அந்த வெற்று நாடா சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், வருகிறபோது வரும். வராத மாதங்களில் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். வெட்டிப்போட்ட கழிவு நாடாவில் நீளமாக இருப்பதை எடுத்து, முன்பக்கம் பின்பக்கமாகப் புரட்டி ஒட்டிவிடுவேன். புரட்டி ஒட்டினால் அதிலுள்ள பேச்சு ஏறக்குறையக் கேட்காது. இந்த வேலையை நான் செய்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பழைய ஒட்டு காய்ந்து தானாகவே விட்டுக்கொண்டது. துண்டை நேராகப் புரட்டி, புதிதாக ஒட்டினேன். இரண்டு முறை கோணலாகப் போயிற்று. மற்ற ரீல்களின் தலைமுனைகளையும் உடனே பார்த்துவிட்டேன். நான்கில் இதே போலக் கழிவு நாடா இருந்தது. ஒன்றில் சோப்பு விளம்பரம். ஒன்றில் கால்பந்து. மற்ற இரண்டிலும் ஏதோ ஒரு தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவதைக் கடைசியாக ஓட விட்டேன். பதினைந்து நொடி இருக்கும். முதலில் நாற்காலி கிறீச்சிடுகிறது. பிறகு ஒலிபெருக்கி வழியாக ஓர் இளைஞன் அதட்டுகிறான்.

"அக்கா, மறுபடியும் எண்ணுறீங்க. டேப்புல விழுது. வாய மூடிக்கிட்டு வாசிங்கக்கா."

அந்த இளைஞன் நான்தான். அவ்வளவு கறாரான குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு, பக்கத்தில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவாக, மீனாக்கா.

"எண்ணலன்னா கை எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதே தம்பி."

பொட்டலத் தாள் சரசரக்கிறது.

"சரி. இனிமே வாயத் தொறக்கல. ஓட விடு."

அதோடு என் வெட்டு வந்துவிடுகிறது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பூமியில் மிச்சமிருக்கும் அக்காவின் குரல் இவ்வளவுதான். அதிலும் அவர் சொல்வது இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று. அழுகை வந்தது, அழுதேன். ஜைனப் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே இன்னொரு காரியமும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் என் குரலை வெட்டினேன். இப்போது பிளேடு வேண்டாம், இரண்டு தட்டு தட்டினால் போதும். என் அதட்டல் போய், அக்காவின் குரல் மட்டும் சுத்தமாக நின்றது. போட்டுக் கேட்டேன். யாருமே கேட்காதபோது அந்த அம்மாள் தானாகவே வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொல்வதாக இருந்தது. அதை அழித்துவிட்டு முழுதாக இருந்ததை தெரேசாவின் போனுக்கு அனுப்பினேன். நான் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு திறந்தால் போதும் என்று கீழே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை

மாதா கோயில் பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனேன். கூடத்தில் பியானோ மூடியே கிடந்தது. அடிப்பலகை இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் இன்னும் இருந்தது. பல்பு போனால் தெரேசாதான் மாற்றுகிறாளாம். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தார். முன்னால் சாப்பாட்டுப் பலகை மாட்டியிருந்தது. என்னைக் கண்டதும் வாயின் இடது பக்கம் மட்டும் மேலே போயிற்று. எனக்கு முட்டி வலி, தமக்குப் பக்கவாதம், இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அந்தப் பாதிச் சிரிப்பு சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

தெரேசா போனைச் சின்ன ஒலிபெருக்கியோடு இணைத்துப் பலகையில் வைத்தாள். கேட்பதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தயாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். அதற்குள் போனை அவள் தொட்டுவிட்டாள். அது ஓடிவிட்டது.

முடிந்ததும் தெரேசா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அது நீங்களா அங்கிள்?"

நான்தான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அசாம்போய், பிளேடு, என் வெட்கம் எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருப்பேன்.

வீட்டில் அம்மா வாசிக்கும்போது ஒரு முணுமுணுப்பு கேட்கும், செபம் சொல்கிறார் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள் தெரேசா. கோபப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. படுவதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. இன்னொரு தடவை போடலாமா என்று அம்மாவைக் கேட்டாள். போட்டாள். அதற்குப் பிறகு இன்னொரு தடவை.

மூன்றாவது முறை முடிந்தபோது அக்கா இடது கையைத் தூக்கினார். போதும் என்கிறார் என்று நினைத்து தெரேசா ஒலிபெருக்கியை எடுத்து ஓரமாக வைத்தாள். கை இறங்கவில்லை. பலகைக்கு மேலே, விரல்கள் வளைந்து, அந்தரத்தில் நின்றது. தோள் நடுங்கியது. கண் என்மேல் இருந்தது.

அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று தெரேசா கேட்டாள். தண்ணீரா என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்னிடம் மிஷின் இல்லை, மைக் இல்லை. தெரேசாவின் போன் பலகையின் மூலையில் கிடந்தது. அதை எடுத்துப் பதிவு செய்யலாமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த அறையில் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

"ஓடுதுக்கா" என்றேன்.

அக்கா மூச்சை இழுத்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. தெரேசா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு" என்றார் மீனாக்கா. "ரெண்டு... மூணு."

கை பலகையின் மேல் இறங்கியது.